கவர், சர்ட்டிபிகேட், ஜெபக் குறிப்பு: கிறிஸ்தவ டாக்டர்களும் நர்ஸுகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் 22 வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் மிஷன் ஆஸ்பத்திரி, கொஞ்ச காலம் தனியார் ஆஸ்பத்திரி. சபையிலும் பழைய கல்லூரி வட்டத்திலும் பழக்கமான இளம் டாக்டர்கள், நர்ஸ் பிள்ளைகள், லேப்பில் வேலை செய்கிறவர்கள் என்று பலர் அக்கா என்று கூப்பிட்டு ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பாதிக்கு மேல் ஒரே கேள்விகள்தான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை, விதி என்ன சொல்கிறது என்று தெரிந்த இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, கிறிஸ்தவ டாக்டர் என்றால் தனியாக என்ன செய்ய வேண்டும்? நல்ல டாக்டராக இருந்தால் போதாதா?

முதலில் நல்ல டாக்டராக இரு. வைத்தியம் தெரியாமல் அன்பை மட்டும் வைத்துக்கொண்டு நோயாளி முன்னால் உட்காருவது அநியாயம்.

அதற்கு மேல் என்ன என்று கேட்டால், மாற்கு 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. 12 வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத பெண். அவள் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பாய். அதற்கு முந்தின வசனத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை: "அநேக வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு, தனக்கு உண்டானவைகளையெல்லாம் செலவழித்தும்" குணமாகவில்லை என்று எழுதியிருக்கிறது. அது நம்மைப் பற்றிய வசனம். என் ஓ.பி.யில் வாரத்துக்கு ஒருவராவது அந்தப் பெண் மாதிரி வருகிறார்கள். கையில் மஞ்சப்பை. அதைக் கவிழ்த்தால் நாலு ஊர் ஆஸ்பத்திரி ஃபைல், ஒரே வயிற்றுக்கு மூன்று ஸ்கேன், அதில் இரண்டு ஒரே மாதத்தில் எடுத்தது, மடித்து மடித்துக் கிழிந்துபோன பில், அடியில் நகைக் கடன் ரசீது. என்ன நோய் என்று கேட்டால் "அவுங்க ஒண்ணும் சொல்லல டாக்டர்" என்பார்கள்.

மளிகைக் கடையில் எடை போடும்போது தராசு முள் நமக்கும் தெரிகிறது. ஆஸ்பத்திரியில் முள் நோயாளிக்குத் தெரியாது, நமக்கு மட்டும்தான் தெரியும். ஸ்கேன் தேவையா, அட்மிஷன் தேவையா, இந்த மாத்திரைதான் வேண்டுமா, எல்லாம் நாம் சொல்வதுதான். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்கிறது. அந்த வசனம் கடைக்காரரைவிட நமக்குத்தான் அதிகம் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். கீழே எழுதியிருக்கிற பதில்கள் எல்லாமே இந்த முள்ளைப் பற்றித்தான்.

ஸ்கேன் சென்டரில் இருந்து மாதக் கடைசியில் கவர் வருகிறது. நான் கேட்கவில்லை, அவர்களாகத் தருகிறார்கள். வாங்கினால் தப்பா?

தப்பு. சுற்றி வளைக்க இதில் ஒன்றும் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளில் 6.4 இதற்காகவே இருக்கிறது: நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷனோ பங்கோ கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகள் கொண்டுவந்து அதே மாதத்தில் நிறுத்திவைத்து, பழைய விதிகளையே தொடரச் சொன்னது. ஆக, "அந்த விதி போயிருச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதே.

விதியை விடு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசி. ஸ்கேன் சென்டர்காரர் தன் வீட்டில் இருந்து தரவில்லை. உன் பங்கு ஏற்கெனவே நோயாளியின் பில்லில் ஏற்றப்பட்டுவிட்டது. ஆடு விற்று ஸ்கேன் எடுக்க வந்த அம்மாவின் பையில் இருந்து எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெள்ளைக் கவரில் உன் மேஜைக்கு வருகிறது.

நான் தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராகச் சேர்ந்த முதல் மாதமே வந்தது. பழுப்புக் கவர், மேலே பென்சிலில் என் பெயர், உள்ளே என் சம்பளத்தில் கால்வாசி இருக்கும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் 11 நோயாளிகளின் பெயரும் ஒவ்வொரு பெயருக்கு நேரே ஒரு தொகையும். அந்தச் சீட்டைப் பார்த்ததுதான் என்னைக் காப்பாற்றியது. பணத்தை மட்டும் வைத்திருந்தால் வாங்கியிருப்பேனோ என்னவோ. ஏழாவது பெயர், தலைவலி என்று வந்த ஒரு கல்லூரிப் பெண். அந்தப் பிள்ளைக்கு நான் எழுதின ஸ்கேன் கண்டிப்பாகத் தேவைதானா என்று அந்த நிமிஷம் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும்" என்று, அதாவது லஞ்சம் குருடாக்கும் என்று, யாத்திராகமம் 23:8-இல் வாசித்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. வாங்கின பிறகு உன் கண் உன்னுடையதாக இருக்காது. அடுத்த தலைவலிக்கு ஸ்கேன் எழுதும்போது அது மருத்துவமா பணமா என்று உனக்கே தெரியாமல் போகும்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், ஸ்கேனுக்கோ டெஸ்டுக்கோ அனுப்பும் சீட்டிலேயே "எனக்குப் பங்கு வேண்டாம், நோயாளிக்குக் குறைத்துக்கொள்ளவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். நிறைய சென்டர்களில் உண்மையாகவே குறைத்து வாங்குகிறார்கள். நோயாளி திரும்பி வந்து "எவ்வளவு கேட்டாங்க, எவ்வளவு கொடுத்தேன்" என்று சொல்லும்போது முள் அவருக்கும் கொஞ்சம் தெரிகிறது. சீட்டைப் பார்த்துவிட்டுக் குறைக்காத இடத்துக்கு நான் அனுப்புவதில்லை.

அந்தப் பணத்தை வாங்கி ஏழைகளுக்கோ சபைக்கோ கொடுத்துவிட்டால்?

2 இராஜாக்கள் 5-ஐப் படி. குஷ்டம் நீங்கின சீரியப் படைத்தலைவன் நாகமான் 10 தாலந்து வெள்ளியும் 6,000 சேக்கல் பொன்னும் கொண்டுவந்தான், தீர்க்கதரிசி எலிசா தொடவில்லை. எலிசாவின் வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி, எப்பிராயீம் மலையில் இருந்து இரண்டு தீர்க்கதரிசிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினான். அதாவது ஊழியத்துக்கு என்று சொல்லித்தான். என் மனதை உறுத்துவது என்னவென்றால், நாகமான் வீடு போய்ச் சேரும்வரை எலிசாதான் ஆள் அனுப்பிக் கேட்டார் என்றே நம்பியிருப்பான். இலவசமாகக் கிடைத்த சுகத்துக்குக் கடைசியில் ஒரு பில் வந்துவிட்டது. காணிக்கைப் பையில் போட்டாலும் அது அந்த 11 பேரின் பணம்தான்.

மெடிக்கல் ரெப் தரும் பேனா, டைரி, சாம்பிள் எல்லாம்கூட வேண்டாமா?

2009 டிசம்பரில் சேர்த்த திருத்தப்படி மருந்துக் கம்பெனியிடம் பரிசு, பயணம், தங்கும் வசதி, ரொக்கம் எதுவும் டாக்டர் வாங்கக் கூடாது. 2022-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில், கம்பெனிகள் டாக்டர்களுக்கு இப்படிக் கொடுப்பதைத் தொழில் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்க முடியாது என்று சொன்னதோடு, இந்தச் செலவெல்லாம் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்பதையும் எடுத்துச் சொன்னது.

சாம்பிளை வாங்கி அதே நாளில் தேவைப்படுகிறவருக்குக் காசில்லாமல் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஒரு வாரச் சாம்பிளில் ஆரம்பித்துக் கொடுத்த விலை கூடிய பிரஷர் மாத்திரையை அவர் அடுத்த 20 வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சும்மா கிடைக்கும் மாத்திரை அவருக்குப் போதும் என்றால் சாம்பிள் கவரைப் பிரிக்காதே. அப்புறம், ரெப்பிடம் மரியாதையாகப் பேசு. அந்தத் தம்பிக்கும் டார்கெட் இருக்கிறது, வெயிலில் பைக்கில் வந்திருப்பான்.

நாம் நேர்மையாக இருந்தாலும் நோயாளிகளே ஊசி கேட்கிறார்கள், டிரிப்ஸ் ஏற்றச் சொல்கிறார்கள். போடாவிட்டால் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள்.

போவார்கள். எனக்கும் போனார்கள். முதல் இரண்டு வருஷம் எதிர்த்த தெருவில் கூட்டம், என்னிடம் ஈ ஓட்டும் நிலைமை.

நான் என்ன பேசினேன் என்று சொல்கிறேன், உனக்கு உதவும். "500 மில்லி குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைம்மா. இந்தா பாருங்க" என்று சொல்லி, மேஜை டிராயரில் வைத்திருக்கிற சீனி டப்பாவில் இருந்து ஐந்தாறு டீஸ்பூன் எடுத்து டம்ளரில் போட்டுக் காட்டுவேன். "இதைத்தான் நரம்பில் ஏத்துறோம். வாந்தி இல்லாமல் குடிக்க முடிகிற ஆளுக்கு இளநீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் போதும்." டம்ளரைப் பார்த்ததும் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் மாறாது. சிலர் எழுந்து போய்விடுவார்கள், அவர்களையும் திட்டி அனுப்பக் கூடாது, ராத்திரி காய்ச்சல் கூடினால் என்ன அறிகுறிக்கு உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

சாதாரண சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதாதே. வைரஸுக்கு அது வேலை செய்யாது என்று நமக்குத் தெரியும். தெரிந்தே எழுதினால் அதுவும் கள்ளத்தராசுதான்.

சபை மூப்பர் மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேட்கிறார். மறுத்தால் வருத்தப்படுவார்.

வருத்தப்படட்டும். காய்ச்சலே இல்லாதவருக்கு 5 நாள் டைஃபாய்டு என்று எழுதிக் கொடுத்தால் அது பொய், அதில் உன் பதிவு எண்ணும் சீலும் வேறு இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் கொடுப்பது தொழில்முறைக் குற்றம் என்று 7.7-ஆம் விதி சொல்கிறது, பதிவேட்டில் இருந்து பெயரை எடுக்கிற அளவுக்குப் போகலாம். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று கற்றுக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லி வந்து இதைக் கேட்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கஷ்டம்.

எப்படி மறுப்பது என்று கேட்கிறாயா? ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லார் முன்னாலும் வேண்டாம். "அண்ணாச்சி, உங்களைப் பரிசோதித்து என்ன இருக்கிறதோ அதை எழுதித் தருகிறேன், தேதியை முன்னால் போட மாட்டேன்" என்று தனியாகச் சொல். என்னிடம் கேட்டவர் ஆறு மாதம் பேசவில்லை. பிறகு அவர் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தபோது நேராக என்னிடம்தான் கூட்டி வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரவு டூட்டியில் 30 நோயாளிக்கு ஒரு நர்ஸ். எல்லாருக்கும் பி.பி. பார்க்க முடியாது, சார்ட்டை மட்டும் நிரப்பிவிடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

இதை ஒரு நர்ஸ் தங்கச்சி கேட்டாள். என் சொந்தக் கதையையே அவளுக்குப் பதிலாகச் சொன்னேன்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். வயிற்று ஆபரேஷன் முடிந்த ஒருவர், நடு வயது, கட்டிலை ஒட்டிப் பாயில் அவர் மகன். ராத்திரி 2 மணிக்கும் 4 மணிக்கும் பி.பி. பார்க்க வேண்டும். மூன்று நாள் சரியாகத் தூங்காத களைப்பு. 2 மணிக்குப் பார்த்தேன், 110/70. நாலு மணிக்கு எழுந்து கட்டில் பக்கத்தில் போனேன், நன்றாகத் தூங்குகிறார் என்று நினைத்து, பார்க்காமலே 110/70 என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். ஐந்தரை மணிக்கு ஒரு சிஸ்டர் சந்தேகப்பட்டுக் கட்டிப் பார்த்தார். மேல் அழுத்தமே 80. உள்ளே ரத்தக்கசிவு. அவசரமாகத் திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

சார்ட்டைப் பார்த்த என் சீனியர் "நாலு மணிக்கு நன்றாகத்தானே இருந்திருக்கிறார்" என்றார். அந்த நேரம் தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. "பார்க்கவில்லை சார், எழுதினேன்" என்று சொல்ல என் வாய்க்கு ரொம்ப நேரம் ஆனது. அவர் கத்தவில்லை. பேனாவை எடுத்து, அந்த எண்ணை அழிக்காமல் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "பார்க்கப்படவில்லை" என்று எழுதி என் கையெழுத்தை வாங்கினார். பிறகு என்னை அந்த மகனிடம் கூட்டிப்போய் நானே சொல்லும்படி வைத்தார். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா நல்லா இருந்தா போதும்க்கா" என்றான். எனக்கு அது இன்னும் பாரமாக இருக்கிறது.

ஆகவே தங்கச்சி, பார்க்காததைப் பார்த்ததாக எழுதாதே. பார்க்க முடியாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடு, "ஆள் இல்லாததால் பார்க்கவில்லை" என்று ரிப்போர்ட் புக்கில் எழுதி டூட்டி டாக்டருக்கும் சொல். வரிசையாக 120/80, 120/80, 120/80 என்று ஓடும் சார்ட்டை நம்பி ஒரு டாக்டர் முடிவு எடுப்பார். உன்மேல் கோபப்பட வாய்ப்பு இருக்கிறது. ஆனால் 30 பேருக்கு ஒரு ஆளைப் போட்டது உன் குற்றம் இல்லை, அதை மூடி மறைத்தால் அது உன் கணக்கில் வந்துவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று. "இது ஊழியம்" என்று சொல்லி நர்ஸுகளுக்குக் குறைந்த சம்பளமும் இரட்டை ஷிஃப்டும் கொடுக்கிற கிறிஸ்தவ நிர்வாகங்கள் இருக்கின்றன. வேலையாளுக்குக் கூலியைப் பிடித்துவைப்பது வேதத்தில் எங்கேயும் ஊழியம் இல்லை. நீ நிர்வாகத்தில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்.

நோயாளியோடு ஜெபிக்கலாமா?

அவர் கேட்டால் ஜெபி, சந்தோஷமாக ஜெபி. கேட்காதவரிடம் நீயாக ஆரம்பிக்காதே, அதுவும் ஆபரேஷனுக்கு முன்னால், ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது. அந்த நேரம் அவர் உயிர் உன் கையில் இருக்கிறது, "வேண்டாம் டாக்டர்" என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் வாங்கிக்கொண்ட சம்மதம் சம்மதமே இல்லை. குருடன் பர்திமேயுவிடம் இயேசுவே "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டுத்தான் செய்தார்.

இந்து அம்மா ஒருவர் திருச்செந்தூர் விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போக வேண்டும் என்றால், கிருமித் தொற்று பிரச்சினை இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளட்டும். துடைத்துவிடாதே. நான் என் அறையில் காலையில் ஓ.பி. தொடங்கும் முன் தனியாக ஜெபிக்கிறேன், டோக்கன் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு. எந்த மதத்துக்காரரும் அதில் விடுபடுவதில்லை.

குடும்பத்தார் "கேன்சர் என்று அவரிடம் சொல்லாதீர்கள்" என்கிறார்கள். சொல்வதா, மறைப்பதா?

நம் ஊரில் தினமும் நடப்பது. மகன் முன்னாலேயே ஓடி வந்து கதவைச் சாத்திவிட்டு "அப்பா தாங்க மாட்டார்" என்பார். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உடம்பு அப்பாவுடையது. 2008-இல் ஒரு வழக்கில், நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவர் தாயிடம் மட்டும் கேட்டு அவருடைய கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய நோயாளியின் சம்மதம்தான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான் மகனிடம் சொல்வது: "நானாகப் போய்ப் போட்டு உடைக்க மாட்டேன் தம்பி. ஆனால் அப்பா என்னிடம் நேராகக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்." பிறகு அப்பாவிடம்: "ஐயா, ரிப்போர்ட் வந்திருக்கு. எல்லாத்தையும் நீங்களே தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா, இல்ல பையன்கிட்ட பேசிக்கிடட்டுமா?" சிலர் "அவன்கிட்டயே பேசுங்க" என்பார்கள், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். போன வருஷம் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ப்பட்ட பேருக்குத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவன்மா நான். கவரைப் பார்த்தாலே உள்ள என்னன்னு தெரியும்." மூன்று மாதமாக மகன் அப்பாவிடமும், அப்பா மகனிடமும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சொல்லும்போது தமிழில், புரிகிற வார்த்தையில் சொல். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் வேலை செய்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிரீன், 1864-இல் இருந்து மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் நடத்தி, உடற்கூறு, பிரசவம், அறுவை மருத்துவம், வேதியியல் என்று நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். கடல் தாண்டி வந்தவருக்கு அது முடிந்திருக்கிறது. பித்தப்பையில் கல் என்று சொல்ல நமக்கு ஏன் நாக்கு வரமாட்டேன் என்கிறது?

ஒரு நோயாளிக்காக ஜெபக் குழுவில் குறிப்பு போடலாமா?

போடாதே. "நம்ம சபைச் சகோதரி ஒருத்தருக்குக் கர்ப்பப்பையில் பிரச்சினை, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், பெயர் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நல்லெண்ணத்தில் செய்கிற இந்தத் தப்பை நம் ஆட்களைவிட அதிகமாக யாரும் செய்வதில்லை. அவர் வாயால் "சொல்லுங்கள்" என்று சொல்லியிருந்தால் மட்டும், அவர் சொன்ன அளவுக்கு மட்டும். எச்.ஐ.வி. என்றால் 2017 சட்டம் ரகசியத்தை இன்னும் கடுமையாகப் பாதுகாக்கிறது. கல்யாணத்துக்கு முன் சபை ஐயர் வந்து "பெண்ணுக்கு ஏதும் வியாதி உண்டா" என்று விசாரித்தால்கூட, பெண்ணிடம் கேளுங்கள் என்பதோடு நிறுத்து.

கருக்கலைப்பு விஷயத்தில் என்ன செய்வது?

இதில் நான் என் மனசாட்சியைச் சொல்கிறேன், சட்டத்தையும் சொல்கிறேன், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

1971 சட்டமும் 2021 திருத்தமும் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடும், குறிப்பிட்ட பிரிவுப் பெண்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடும் அனுமதிக்கின்றன. 2022-இல் உச்ச நீதிமன்றம் கல்யாணமாகாத பெண்களையும் அதில் சேர்த்தது. மருத்துவக் காரணம் இருக்கும்போது மதத்தை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, அந்த வேலை செய்யத் தனக்குத் திறமை இல்லை என்று கருதினாலொழிய, என்று அதே 2002 நன்னடத்தை விதிகளில் 7.15 இருக்கிறது. இதைப் படிக்காமலே பல கிறிஸ்தவ டாக்டர்கள் மகப்பேறு படிக்கப் போகிறார்கள்.

நான் மகப்பேறு பார்ப்பதில்லை, அது தெரிந்தே எடுத்த முடிவு. தாய் உயிருக்கு ஆபத்து என்றால், கர்ப்பக்குழாயில் கரு தங்கி வெடிக்கிற நிலை என்றால், தயங்க இடமே இல்லை, அங்கே தாமதிப்பது கொலைக்குச் சமம். மற்றபடி ஒரு பெண் வந்து கேட்டால், பொய்யான வாரக் கணக்குச் சொல்லி நாளைக் கடத்தாதே, பயமுறுத்தாதே, பிரசங்கம் செய்யாதே. "நான் இதைச் செய்வதில்லை, இன்னாரிடம் பாதுகாப்பாகப் பார்ப்பார்கள்" என்று சொல்வதுகூடத் தங்கள் மனதுக்கு ஒத்துவராது என்று சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், அரசு ஆஸ்பத்திரிக்குப் போகத் தெரியாமல் எங்கேயோ போய், கர்ப்பப்பை ஓட்டையாகி, வயிறு முழுக்கச் சீழோடு திரும்பி வந்த 19 வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போயிருக்கிறேன். அவளை முதலில் பார்த்தவர்கள் கடிந்துகொண்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். வேறு பேச்சு இல்லை. சபையில் எத்தனை வேண்டியவர் கேட்டாலும் சரி.

சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்விட்டு இன்சுலினை நிறுத்திவிடுகிறார்கள். விசுவாசத்துக்கு எதிராகப் பேசுவதா?

சின்ன வயதில் வருகிற, இன்சுலினே சுரக்காத சர்க்கரை நோயில் ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். இதைச் சொல்வது அவிசுவாசம் இல்லை.

எசேக்கியா ராஜாவின் கதையை அவர்களுக்குச் சொல்வேன். அழுது ஜெபித்தார், 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப் போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. "நீங்க சாட்சி சொல்லுங்கம்மா, ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க. சுகம் கிடைச்சிருந்தா என் மிஷினில் சர்க்கரை தானாக் குறையும், அப்ப நானே குறைச்சுத் தாரேன்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். நோயாளி சம்மதித்தால் பாஸ்டரிடமும் பேசு. திட்டுவதற்குப் போகாதே, மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டாம் என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்லக் கேட்டுக்கொள். இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

பணம் இல்லாதவர் அவசரமாக வந்தால்?

முதலில் பார். அவசர நிலையில் உயிரைக் காப்பாற்றுவது ஒவ்வொரு டாக்டரின் கடமை, போலீஸ் கேஸ் என்று காத்திருக்கக் கூடாது என்று 1989-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் எங்கே எடுப்பது என்று சொல். பணம் வாங்குகிற இடத்தில் எவ்வளவு ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிடு. சிகிச்சை பாதியில் இருக்கும்போது தொகையைச் சொல்லக் கூடாது என்பதும் விதியில் இருக்கிறது, அதை மதிக்கிற பில்லிங் கவுண்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வென்டிலேட்டரை எடுப்பது பாவமா?

பிழைக்க வழியே இல்லாதவரை மெஷினில் வைத்துக்கொண்டே இருப்பதும் எடுப்பதும் வேறு வேறு முடிவுகள், இரண்டையும் ஒரே தராசில் பார்க்கத்தான் வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி திறந்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. சாவை வரவைப்பது வேறு, வந்துவிட்ட சாவுக்கு வழி விடுவது வேறு. தேறாது என்று தெரிந்த பிறகும் "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று சொல்லி வீட்டுப் பத்திரம் அடமானம் போகிறவரை வைத்திருப்பதைத்தான் நான் பாவம் என்பேன்.

முன்மாதிரியாக யாரைப் பார்ப்பது?

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு கட்டிலோடு சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதிகம் பிடித்தது அங்கே வேலை செய்த பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுகிறது என்று எல்லாரும் நம்பின காலத்தில், உணர்ச்சி இல்லாததால் அடிபட்டும் சுட்டுக்கொண்டும்தான் போகிறது என்று உட்கார்ந்து கவனித்துக் கண்டுபிடித்தார். தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரியவில்லை என்று தெரிந்ததும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்களாம். அதே வேலூரில் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். இவர்கள் முள்ளைச் சரியாகப் பார்த்தவர்கள்.

கடைசியாக ஒன்று: நோயாளிகள் அன்பாகக் கொண்டுவரும் கோழி, முருங்கைக்காய் எல்லாம் வாங்கலாமா?

வாங்கு. வைத்தியம் முடிந்த பிறகு, எதையும் எதிர்பார்க்காமல், தன் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்தால் மறுக்காதே, மறுத்தால் அவர்கள் முகம் வாடிப்போகும். சர்ட்டிபிகேட் கேட்கும் நாளில் கோழியோடு வந்தால் கோழியைத் திருப்பி அனுப்பு. உடன்குடிப் பக்கத்தில் இருந்து ஒரு பனையேறித் தாத்தா, கால் புண் ஆறி ஒன்பது வருஷம் ஆகிறது, தை மாதம் பிறந்தால் ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு பஸ் ஏறி வந்துவிடுவார். டோக்கன் போட மாட்டார், ஓ.பி. முடிகிறவரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், காலை நீட்டிக் காட்டுவார், கொடுத்துவிட்டுப் போவார். இந்த வருஷமும் வந்தார். மஞ்சள் போட்டு அவித்து, சிஸ்டர்களும் லேப் பையனும் நானுமாக மதியம் உரித்துச் சாப்பிட்டோம்.